ஒன்பதாவது கல்வரிசை

பதினோரு வருஷமாகப் பெயிண்டர் ஒரு பொம்பளையைத் திட்டிக்கொண்டிருந்தார். காலையில் பல் விளக்கும்போது திட்டுவார். சாரத்தில் ஏறும்போது திட்டுவார். பிரஷ்ஷில் முடி கொட்டினால்கூட அவளைத்தான் திட்டுவார். அவர் மனைவிக்கு அந்தத் திட்டெல்லாம் மனப்பாடம். இவர் பாதியில் நிறுத்தினால் மீதியை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

“சிவப்புக் கொடியைத் தூக்கிக்கிட்டு மகாராணி மாதிரி நின்னா. அதானே? சரி, ஆறிப்போகுது, சாப்பிடுங்க.”

இத்தனைக்கும் அந்தப் பொம்பளையை அவர் நேரில் பார்த்தது மொத்தம் ரெண்டே தடவை. முதல் தடவை, பாலத்தில் பெயிண்ட் அடிக்கப் போனபோது, அவள் டீ கொடுத்தாள். ரெண்டாம் தடவை வேலையைப் பறித்தாள்.

நடந்தது இதுதான். ரயில்வேக்கு ஒப்பந்தத்தில் பெயிண்ட் அடிக்கிற ஆள் அவர். ஸ்டேஷன் பெயர்ப்பலகை, கிலோமீட்டர் கல், லெவல் கிராசிங் கேட், ‘தண்டவாளத்தைக் கடக்காதீர்’ எல்லாம் அவர் கை. படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆனால் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி விழும். அந்த எழுத்தைப் பார்த்து மயங்கின ஒரு பெரிய அதிகாரி இவரை நிரந்தர வேலைக்கு எழுதிப் போட்டார். ரயில்வே டாக்டரிடம் போய் உடம்பைக் காட்ட வேண்டும். பகல் ஒரு மணிக்குள் போகாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. பெட்டி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பத்து மணி வண்டியில் ஏறினார். நல்ல மழைக்காலம். வண்டி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்றது. நின்றது என்றால் கொஞ்ச நேரமா, மூன்றரை மணி நேரம்.

பொறுக்காமல் இறங்கி முன்னால் நடந்து போனார். அங்கே பாலத்தைக் காவல் காக்கிற பொம்பளை சிவப்புக் கொடியோடு நின்றாள். ஆறு பெருகித்தான் ஓடியது. ஆனால் ரெண்டாவது தூணில் நாலு மாசத்துக்கு முன்னால் இவரே தன் கையால் போட்ட அபாயக் கோடு ஈரம்கூடப் படாமல் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் அந்தச் சிவப்பைத் தொட்டால்தான் வண்டியை நிறுத்த வேண்டும். அதுதான் சட்டம்.

“ஏம்மா, கண்ணு தெரியுதா இல்லையா? கோட்டுக்கு ரெண்டடி கீழே கிடக்கு தண்ணி!”

“தெரியுது தம்பி. தண்ணி சரியாத்தான் இருக்கு. கோடுதான் தப்பு.”

வேலை போனதுகூட ஒருநாள் ஆறியிருக்கும். இந்த வார்த்தை ஆறவில்லை. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் தானாக இறங்கியது. வண்டி ஊர்ந்து பாலத்தைக் கடந்தது. பாலத்துக்கு ஒரு கீறல் இல்லை. டாக்டர் பட்டியலை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த பட்டியல் வருவதற்குள் பெயிண்டருக்கு வயசு தாண்டிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, பால வேலைகளைப் பார்க்கிற அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். வெயிலோ மழையோ, கையில் நீளக் குடை இல்லாமல் அந்த மனுஷர் வெளியே வரமாட்டார். அதனால் அவருக்குப் பெயரே குடைக்காரர்.

“பாலத்துப் பொம்பளை, கோடு தப்புன்னு எழுதிக் கொடுத்திருக்கா. நீ அளந்துதானே போட்டே?”

“நீங்க கொடுத்த பேப்பர்ல என்ன இருந்துச்சோ அப்படியேதான் சார்.”

“அப்ப அதை எழுதிக் கொடு.”

‘கோடு அளவுப்படி சரியாகப் போடப்பட்டுள்ளது’ என்று இருப்பதிலேயே அழகான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையுமே எழுதினதில்லை.

அதற்கப்புறம் அந்தப் பாலத்துப் பக்கமே தலைவைக்கவில்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தூண் அளவுகளுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அந்தப் பாலம் வந்தால் மச்சானிடம் தள்ளிவிடுவார். மச்சானும் பெயிண்டர்தான். பழைய கோட்டின் மேலேயே புதுக் கோட்டை இழுத்துவிட்டு வந்துவிடுவார். அளக்கிற வேலை யாருக்கும் இல்லை. இந்த வருஷம் பார்த்து மச்சானுக்குக் குடலிறக்க ஆபரேஷன். படுக்கையில் கிடந்தபடி, “மாமா, அந்தக் கடன்காரி பாலம் பாக்கி இருக்கு” என்று சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தார்.

அப்படித்தான் ஒரு விடிகாலை, ரெண்டு டப்பாவும் நாலு பிரஷ்ஷும் கயிறும் டேப்புமாகப் பெயிண்டர் அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி ஒரு மைல் நடந்தார். பாலத்தை எட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கல்லில் பெயிண்ட் ஒட்டாது. ஒதுங்குவதற்கு அங்கே ஒரே ஒரு கூரைதான் இருந்தது.

“வாங்க, கோட்டுக்காரரே!” கதவைத் திறந்தவள் சிரித்தாள். “பதினோரு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?”

ஆள் கொஞ்சம் பெருத்திருந்தாள். முடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. முழங்கால் வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அந்த வட்டாரத்தில் டிரைவர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பாலத்தக்கா. பெயிண்டருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. “மழை விட்டதும் போயிடுவேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரே அறை. சுவரில் ஸ்டேஷனோடு பேச ஒரு டெலிபோன். மூலையில் மூங்கில் குழாய்க்குள் சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றுமாகச் சுருட்டின கொடிகள். பக்கத்தில் வெடி வைக்கிற தகர டப்பா. அந்த வெடியைத் தண்டவாளத்தின் மேல் கவ்வவிட்டால், சக்கரம் ஏறும்போது படாரென்று வெடிக்கும். கொடியைக் கவனிக்காத டிரைவர்கூடப் பிரேக்கைப் பிடித்துவிடுவார். மேஜையில் ஒரு பதிவேடு, நூல் கட்டின பேனா. பின்னால் கையகல சமையல்கட்டு, அதற்கு ஒரு சின்ன ஜன்னல்.

அந்த வீட்டுக்கு அவள் வந்தது பத்தொன்பது வயசில், பாலக் காவல்காரரின் புதுப் பெண்டாட்டியாக. வந்த முதல் வாரமே, “ராத்திரி பகலா வண்டி போற இடத்துல மனுஷன் தூங்குவானா?” என்று அம்மா வீட்டுக்குக் கிளம்பியவள்தான். ஆனால் அம்மா வீட்டில் சத்தமில்லாமல் தூக்கம் வரவில்லையாம். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் புருஷனுக்கு மஞ்சள் காமாலை வந்தது, போய்விட்டார். கையில் ஏழு வயசுப் பெண். புருஷன் வேலையைக் கேட்டு ஆபீசுக்குப் போய் நின்றபோது, “பொம்பளை எப்படிம்மா பாலத்தைக் காப்பே?” என்று கேட்டார்களாம்.

“பாலம் எங்கேயும் ஓடிப்போகாதுங்க சார். தண்ணியைத்தான் காக்கணும். பால் பொங்குறதைப் பார்த்துப் பழகின கண்ணு எனக்கு. ஒரு தடவைகூட வழிய விட்டதில்லை.”

கேட்டவர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தப் பெண் குழந்தை இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்காவுக்கு வேலையில் இன்னும் எட்டு மாசம்தான் பாக்கி.

இதையெல்லாம் பெயிண்டர் கேட்கவே இல்லை. அவளாகவே டீ போட்டுக்கொண்டு சொன்னாள். டம்ளரை வாங்கினபோது அவருக்கு உள்ளே கிடந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“உன்னாலதான் என் வேலை போச்சு, தெரியுமா? நீ வண்டியை நிறுத்தின அன்னிக்கு நான் டாக்டர்கிட்டே போயிருக்கணும். நிரந்தர வேலை!”

அவள் தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்ன வேலை தம்பி?”

“பெயிண்டர்.”

“இப்ப என்ன வேலை பார்க்கறே?”

“…பெயிண்டர்.”

“அதானே இப்பவும் பார்க்கறே!” சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். “சிரிச்சிருக்கக் கூடாது. கோவிச்சுக்காதே. எனக்குத் தெரியாது. வண்டியில நானூறு பேர் இருந்தாங்க. யாருக்கு என்னென்ன போச்சோன்னு அன்னிக்குப் பூரா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உன்னுதுதான் இது. இப்பத்தான் தெரியுது.”

பெயிண்டர் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சண்டைக்கு வந்தவனிடம் எதிராளி இப்படிப் பேசினால் என்ன செய்வது? அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

எட்டு மணிக்கு மழை வலுத்தது. மேலே எங்கேயோ ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்க வேண்டும். ஆறு காப்பிக் கலரில் சுழித்துக்கொண்டு வந்தது. அக்கா சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்து, “பதிமூணு” என்றாள். அரை மணி கழித்து, “பன்னெண்டு.”

“என்னத்தை எண்றே?”

“கல்லை.” ஜன்னலைக் காட்டினாள். ரெண்டாவது தூணின் பக்கவாட்டுதான் அங்கிருந்து தெரியும். பெயிண்டர் போட்ட கோடு அந்தப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் வந்து மோதுகிற முகத்தில் இருந்தது. “அடுப்பை விட்டுட்டு அடிக்கடி ஓட முடியுமா? வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். தூண்ல ஒவ்வொரு கல்லும் ஒரு அடி உயரம். மேலேர்ந்து தண்ணி வரைக்கும் எத்தனை வரிசை கல் தெரியுதுன்னு எண்ணுவேன். அவர் இருந்த காலத்துல, ஒன்பது வரிசை தெரிஞ்சா பழைய சிவப்பைத் தண்ணி தொட்டுடுச்சுன்னு அர்த்தம். உன் கோடு வந்த பிறகு ஏழு ஆயிடுச்சு.”

“என் கோட்டை நான் அளந்து போட்டேன்.”

“நான் கல்லை எண்ணிப் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு அவள் காயை வாணலியில் போட்டாள்.

முகம் துடைக்கப் போன பெயிண்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காகிதம் செருகியிருப்பதைப் பார்த்தார். எடுத்துப் படித்தார். அலுவலகக் கடிதம், பதினோரு வருஷத்துக்கு முந்தினது. கோடு சரி என்று பெயிண்டர் எழுத்து மூலம் உறுதி செய்திருக்கிறார். இனி ஒரு தடவை தண்ணீர் கோட்டைத் தொடாமல் வண்டியை நிறுத்தினால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும்.

பெயிண்டர் அதை மறுபடி படித்தார். தன் கையெழுத்து எங்கே போய் விழுந்தது என்று அவர் இதுவரை யோசித்ததே இல்லை. இருந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அளந்தேன். பேப்பரில் இருந்தபடி அளந்தேன்.

ஒன்பது மணிக்கு, “பத்து.” அக்கா அடுப்பை அணைத்தாள். டெலிபோனை எடுத்தாள். ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் பெயிண்டருக்கே கேட்டது.

“கோடு தொட்டுச்சா அக்கா?”

“தொடலை சார். ஆனா பத்து மணி வண்டியை அங்கேயே வையுங்க.”

“கோடு தொடாம எப்படி அக்கா வைக்கிறது? மேலேர்ந்து என்னைப் பிடிப்பாங்க. வண்டியில குடைக்காரர் வேற வராராம்.”

போனை வைத்துவிட்டுக் கொடியை எடுத்தாள். பெயிண்டர் குறுக்கே நின்றார்.

“அந்த லெட்டரைப் படிச்சேன். நிறுத்தினா உன் வேலை போயிடும். எட்டு மாசம்தானே பாக்கி, பேசாம இரு.”

“வேலை போனா பொண்ணு வீட்டுல போய் உட்காருவேன். கரை போனா வண்டியில வர்றவங்க எங்கே போய் உட்காருவாங்க?”

“பாலம் கல்லு மாதிரி நிக்குதே!”

“பாலத்தை யார் சொன்னா? அந்த மண்கரையைப் பாரு. பாலத்துக்கு வந்து சேர்ற கரை. ஒன்பதாவது கல் மட்டம் வரைக்கும்தான் அதுல கல் பதிச்சிருக்காங்க. அதுக்கு மேல வெறும் மண்ணு. தண்ணி அந்த மட்டத்தைத் தாண்டினா மண்ணு ஊறும்.”

பெயிண்டருக்குச் சுர்ரென்றது. “இப்பவே அளந்து காட்டறேன், வா!” என்று டேப்பை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

பாலத்து ஓரத்து நடைபலகையில் ரெண்டாவது தூணுக்கு மேலே குப்புறப் படுத்தார். அந்தத் தொழிலில் எல்லோரும் மேலே இருந்துதான் அளப்பார்கள். ஆற்றுக்குள் நின்றுகொண்டா அளக்க முடியும்? பாலத்தைத் தாங்குகிற இரும்பு உத்தரமான கர்டருக்கு அடியில் டேப்பின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டார். பேப்பரில் இருந்த வரி இன்னும் நினைவிருந்தது: ‘கர்டரின் அடியிலிருந்து ஒன்பது அடி கீழே.’ டேப் ஒன்பது அடியில் சிவப்புக் கோட்டின் மையத்தைத் தொட்டது. மயிரிழை பிசகில்லை.

“பார்த்தியா!” என்று கத்தினார். கேட்க அங்கே யாரும் இல்லை. மறுபடி டேப்பைப் பார்த்தார். இந்தத் தடவை ஒன்பதாவது அடியைப் பார்க்கவில்லை. முதல் ரெண்டு அடியைப் பார்த்தார்.

அந்த ரெண்டு அடி கல் இல்லை. கான்கிரீட்.

பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இவர் கோடு போடுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பழைய கர்டரைக் கழற்றிப் புதுசு போட்டிருந்தார்கள். பழையது கனத்தது. புதுசு ஒல்லி. தண்டவாளத்தின் மட்டம் மாறாமல் இருக்க, தூணின் தலையில் ரெண்டடி கான்கிரீட் கட்டையை வைத்து அதன்மேல் கர்டரை உட்கார்த்தியிருக்கிறார்கள். அன்றைக்குத் தூண் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது. எது கல், எது கான்கிரீட் என்று தெரியவில்லை. இன்றைக்குச் சுண்ணாம்பு போய், கல்லில் பாசி படர்ந்திருந்தது. கான்கிரீட் மட்டும் வழுவழுவென்று வெளுத்துக் கிடந்தது.

பேப்பர் பழைய கர்டருக்கு எழுதினது. கர்டரின் அடி ரெண்டடி ஏறிவிட்டது. அதோடு இவருடைய கோடும் ரெண்டடி ஏறிவிட்டது. கரை மட்டும் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

பெயிண்டர் வாய்விட்டுக் கல்லை எண்ணினார். ஒன்று, ரெண்டு, மூன்று… ஒன்பது. ஒன்பதாவது கல்லின் அடி இணைப்பில், யாரோ என்றைக்கோ உளியால் சுரண்டினபோது தப்பித்த பழைய பெயிண்ட், நூல் கனத்துக்குச் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு அதை நக்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு தண்ணீருக்குள் போய்விட்டது.

டேப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

அக்கா அதற்குள் கொடியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி வண்டி வருகிற திசையில் தண்டவாளத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

“அக்கா! அக்கா, கோடு தப்பு!”

“அதைத்தானே பதினோரு வருஷமாச் சொல்றேன். மூச்சு வாங்குது, பேசாம வா.”

“டப்பாவைக் கொடு, நான் தூக்கிட்டு வரேன்.”

“தொடாதே. இது ரயில்வே சொத்து, நீ ஒப்பந்தம்.” ரெண்டடி நடந்து, “என் கையைப் பிடி. அது என் சொந்தம்” என்றாள்.

பெயிண்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே வந்ததில் முழங்கால் கொஞ்சம் வேகம் பிடித்தது. வேண்டிய தூரம் வந்ததும் அக்கா குனிந்து ரெண்டு வெடிகளைத் தண்டவாளத்தில் கவ்வவிட்டாள். இருவரும் பாலத்துப் பக்கமாகத் திரும்பி வந்து, அவள் கொடியை விரித்துக்கொண்டு நின்றாள். கொடி நனைந்து கனத்தது. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பத்து மணி வண்டி மழைக்குள்ளிருந்து வந்தது. படார், படார். பிரேக் கிறீச்சிட்டது. அவர்களுக்கு ரெண்டு பெட்டி தூரத்தில் வண்டி நின்றது.

டிரைவர் தலையை நீட்டி, “என்ன பாலத்தக்கா, கோடு தொட்டுடுச்சா?” என்றார்.

“இல்லைப்பா. கரை தொட்டுடுச்சு.”

கடைசிப் பெட்டியிலிருந்து குடை ஒன்று இறங்கியது, பின்னால் குடைக்காரர். பதினோரு வருஷத்தில் வயிறும் பதவியும் ஏறியிருந்தன. குடை மட்டும் அதே குடை.

“மறுபடியுமா? கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கு?”

“ரெண்டடிக்குக் கொஞ்சம் குறைச்சல் சார்” என்றாள் அக்கா. பொய் சொல்ல அவளுக்கு நினைப்பே வரவில்லை.

“லெட்டர் கொடுத்தது ஞாபகம் இருக்கா? வண்டியை மெதுவா விடச் சொல்லு. கொடியை இறக்கு.”

அக்கா தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். கொடி இறங்கவில்லை.

“சார்” என்றார் பெயிண்டர். “கோடு சரின்னு எழுதிக் கொடுத்தேனே, அந்தக் கையெழுத்து என்னுது. அந்த எழுத்து பொய் சார். பழைய கர்டரோட பேப்பரை வச்சு, புது கர்டர்லேர்ந்து அளந்துட்டேன். கோடு ரெண்டடி மேலே நிக்குது.”

“என்ன சொல்றேன்னு யோசிச்சுப் பேசு. அளவு தப்பாப் போட்டவனுக்கு அடுத்து ஒப்பந்தம் கிடைக்காது.”

“தெரியும் சார். கரையை வந்து ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு என்ன வேணா செய்யுங்க.”

குடைக்காரர் கெட்ட மனுஷர் இல்லை, அவசரக்காரர். மூன்று பேரும் நடந்து பாலத்துக்குக் கிட்டே கரையின் விளிம்புக்கு வந்தார்கள். மேலே புல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் தண்டவாளம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு? கெட்டி மண்ணு!” என்று அவர் குடையை மடக்கி, நுனியால் கரையில் ஒரு குத்து குத்தினார்.

குடை உள்ளே போனது. கொஞ்சமா, கைப்பிடி வரைக்கும். அவர் இழுத்தார். வரவில்லை. ரெண்டு கையாலும் இழுத்தார். கரைதான் அசைந்தது. ஜல்லி சலசலவென்று உருள ஆரம்பித்தது. அக்கா அவருடைய சட்டையைப் பின்னால் பிடித்துச் சரேலென்று இழுத்தாள். மூவரும் நாலடி தள்ளி விழுந்தார்கள். அவர்கள் நின்றிருந்த இடம் ஒரு கட்டில் அகலத்துக்குச் சத்தமே இல்லாமல் நழுவி ஆற்றுக்குள் போனது. குடையும் அதோடு போனது. தண்டவாளத்தின் ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கியது.

மூவரும் சேற்றில் புரண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். பின்னால் வண்டி ஜன்னல்களில் நூறு தலைகள். ஏதோ ஒரு பெட்டியில் குழந்தை ஒன்று பிஸ்கெட்டுக்கு அழுதுகொண்டிருந்தது.

“என் குடை” என்றார் குடைக்காரர் கடைசியில்.

“வேற வாங்கிக்கலாம் சார்” என்றாள் அக்கா. “எழுந்திருங்க, டீ போடறேன்.”

வண்டி பின்னோக்கியே ஸ்டேஷனுக்குப் போனது. நாலு நாள் ஆள் போட்டுக் கரையைக் கட்டினார்கள். இந்தத் தடவை மேல்விளிம்பு வரைக்கும் கல் பதித்தார்கள். ஒரு புதன்கிழமை குடைக்காரர் புதுக் குடையோடு வந்தார். அக்கா வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கடிதத்தை உருவி, கிழிக்கப் போனார்.

“ஐயோ, கிழிக்காதீங்க சார்!” அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். “பின்பக்கம் பொண்ணோட போன் நம்பர் எழுதியிருக்கேன்.”

குடைக்காரர் அந்தக் கடிதத்தை ரத்து செய்து வேறொரு கடிதம் எழுதினார். பழைய பேப்பரைக் கொடுத்தது நான்தான் என்று அதிலேயே எழுதி, தன் கையெழுத்தையும் போட்டார். பெயிண்டரின் ஒப்பந்தத்தில் யாரும் கைவைக்கவில்லை. அந்த லைனில் இருக்கிற இருபத்தாறு பாலங்களின் கோடுகளையும் அளந்து பார்க்கிற வேலையும் அவருக்கே வந்தது. மூன்று பாலத்தில் அதே தப்பு இருந்தது. நிரந்தர வேலை வரவில்லை, வராது. பெண்டாட்டி ஒருநாள் கேட்டாள், “என்னங்க, இப்பெல்லாம் காலையில பல் விளக்கறப்ப சத்தமே இல்லை? உடம்பு சரியில்லையா?”

ஆற்றுப் பாலத்தை மட்டும் அவர் கடைசிக்கு வைத்துக்கொண்டார். “மழைக்காலம் போகட்டும். இந்தத் தடவை கீழேர்ந்து மேலே அளந்து போடு” என்று அக்கா சொல்லியிருந்தாள். அதிலிருந்து எட்டாம் மாசம் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. பெயிண்டர் ஆற்றுக்குள்ளேயே ஏணியைப் போட்டார். தூணின் அடிக் கல்லிலிருந்து அளந்தார். பிறகு மேலேயிருந்து ஒருதரம். பிறகு சமையல்கட்டு ஜன்னலுக்குப் போய்க் கல்லை எண்ணிப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக வந்த பிறகுதான் சிவப்பு டப்பாவைத் திறந்தார். மேலே இருந்த தன் பழைய கோட்டைத் தானே சுரண்டினார். அதற்கே ஒருநாள் ஆனது. மச்சான் வருஷா வருஷம் பூசினது பத்துப் பூச்சு, அடியில் இவருடையது ஒன்று. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது.

அவர் ஒன்பதாவது கல்லின் அடியில் கோட்டை இழுத்து முடித்த அன்றைக்குத்தான் அக்காவுக்கு வேலையில் கடைசி நாள். காலையில் ஏணிக்குக் கீழே வந்து நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு. பொங்குற பாலுக்குப் பக்கத்துல நின்னாக்கூட இவ்வளவு தைரியமா இருக்காது.”

ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை, கண்ணாடி. புதுசாக வந்த காவல்காரரிடம் கொடிகளையும் டப்பாவையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, அழைத்துப் போக வந்த பெண்ணோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். பத்து மணி வண்டி வந்தபோது புது ஆள் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயிண்டர் ஏணியின் உச்சியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

மூன்றாவது பெட்டி ஜன்னலில் அக்கா இருந்தாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தூணைக் காட்டினாள். பாலத்தின் மேல் வண்டி போகிற சத்தத்தையும் மீறிக் கத்தினாள். அத்தனை வருஷம் வண்டிச் சத்தத்தோடு பேசிப் பழகின தொண்டை, ஒரு வார்த்தை தவறாமல் கீழே வந்து விழுந்தது.

“தம்பி! கோட்டுக்குப் பக்கத்துல உன் பேரை எழுது! நாளைக்கு வர்றவங்களுக்கு யாரைத் திட்டறதுன்னு தெரியணும்ல!”